பிராசசரை மட்டும் மாத்தலாமா? – ஒரு சாக்கெட்டின் நாற்பது வருடக் கதை

ஊர் விட்டு ஊர் வந்து குடித்தனம் நடத்தும் நம் வீடுகளில் கேமிங் கணினி என்பது வருடா வருடம் வாங்குகிற சாமான் இல்லை. பிள்ளை பத்தாவது முடித்தபோதோ, எதிர்பாராமல் ஒரு போனஸ் வந்தபோதோ, ஒரே ஒரு முறை கணக்குப் போட்டு வாங்கியிருப்போம். ஏழெட்டு வருடத்தில் அதற்கு மூச்சு வாங்க ஆரம்பிக்கும். உடனே வீட்டில் இரண்டு கட்சிகள் உதயமாகும். "முழு செட்டையும் மாத்திடலாம்ப்பா" என்பது வாரிசுக் கட்சி. "ஓடுற வரைக்கும் ஓடட்டுமே, எதுக்கு இப்ப தண்டச் செலவு" என்பது தங்கமணி கட்சி. நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது அடியேன் போன்றவர்கள். :-)

இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு வழி உண்டு. மதர்போர்டு, ரேம், கேபினட் எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு, பிராசசரை மட்டும் கழற்றிவிட்டு அதே சாக்கெட்டில் வேகமான இன்னொன்றைப் போடுவது. கேட்க சிக்கனமாகத்தான் இருக்கிறது. ஆனால் சில சமயம் இது அருமையான லாபம், சில சமயம் பணத்தை யமுனையில் போட்ட மாதிரி.

எப்போது எது என்பதற்கு, இணையத்தில் கொட்டிக் கிடக்கும் பெஞ்ச்மார்க் அட்டவணைகளை விட வரலாறு தெளிவாகப் பதில் சொல்கிறது என்பது என் கட்சி. நாற்பது வருடமாக மக்கள் இதே கேள்வியைக் கேட்டு வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் பதிலைத் தீர்மானித்தவை இரண்டே விஷயங்கள். ஒன்று, அந்த சாக்கெட்டின் கதவைக் கம்பெனிக்காரர்கள் திறந்து வைத்திருந்தார்களா என்பது. இரண்டு, பொட்டிக்குள் உண்மையில் யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்பது. கொஞ்சம் பின்னோக்கிப் போய்விட்டு வருவோம்.

காலி இடத்தோடு வந்த பொட்டி

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். தன் முதல் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது. உள்ளே இன்டெல் 8088, வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். (இன்றைய பிராசசர்கள் 4,000 மெகாஹெர்ட்ஸை சர்வசாதாரணமாகத் தாண்டுகின்றன.) அந்த 8088-க்குப் பக்கத்திலேயே ஒரு சாக்கெட்டைக் காலியாக விட்டிருந்தார்கள். தசமக் கணக்குகளை வேகமாகப் போடும் 8087 என்ற துணைச் சிப்பைப் பிறகு வாங்கிச் சொருகிக்கொள்வதற்காக. ஆக, "இன்று கொஞ்சம், நாளை கொஞ்சம்" என்று வாங்கும் பழக்கம் முதல் பொட்டியிலேயே ஆரம்பித்துவிட்டது.

1984-இல் ஜப்பானின் என்.ஈ.சி. நிறுவனம் வி20 என்று ஒரு சிப்பைக் கொண்டுவந்தது. 8088-க்கு இருந்த அதே 40 கால்கள், அதே வரிசை. பழையதைத் திருப்புளியால் நெம்பி எடுத்துவிட்டு இதை அழுத்தினால் முடிந்தது வேலை. அதே கடிகார வேகத்தில் பழையதை விடச் சில வேலைகளைச் சீக்கிரம் முடித்தது. பிராசசரை மட்டும் மாற்றுவது என்ற பழக்கத்துக்கு இதைப் பிள்ளையார் சுழி என்று சொல்லலாம்.

இன்டெல் சும்மா இருக்குமா? சிப்புக்குள் இருக்கும் மைக்ரோகோடைக் காப்பியடித்துவிட்டார்கள் என்று வழக்கு நடந்தது. 1989-இல் அமெரிக்க நீதிமன்றம், மைக்ரோகோடுக்குக் காப்புரிமை உண்டு, ஆனால் என்.ஈ.சி. அதை மீறவில்லை என்று தீர்ப்புச் சொன்னது. அடுத்தவர் செய்த சிப்பை நம் சாக்கெட்டில் போட விடலாமா என்ற தகராறு இங்கேதான் தொடங்குகிறது. பின்னால் வரப்போகும் எல்லாக் கதைகளிலும் இது தலைகாட்டும்.

ஒரே சிப்புக்கு இரண்டு முறை காசு

1989-இல் 486டிஎக்ஸ் வந்தது. கணக்குப் பிரிவு தனிச் சிப்பாக இல்லாமல் உள்ளேயே அடக்கம். 1991-இல் விலை குறைவான 486எஸ்எக்ஸ் வந்தது. ஆரம்பத்தில் வந்த எஸ்எக்ஸ் சிப்புகளில் நடந்தது என்னவென்றால், அதே டிஎக்ஸ், கணக்குப் பிரிவை மட்டும் செயலிழக்கச் செய்துவிட்டுக் குறைந்த விலையில் விற்றார்கள்.

இதன் அடுத்த கட்டம்தான் சுவாரசியம். "பிற்பாடு கணக்குப் பிரிவு வேண்டுமானால் 487எஸ்எக்ஸ் வாங்கிப் பக்கத்து சாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள்" என்றார்கள். அந்த 487 துணைச் சிப்பே இல்லை. அது ஒரு முழு 486டிஎக்ஸ். சொருகியவுடன் முதலில் இருந்த எஸ்எக்ஸை வாயை மூடச் சொல்லிவிட்டு மொத்த வேலையையும் தானே எடுத்துக்கொள்ளும். வாங்கியவர் ஒரு பிராசசருக்கு இரண்டு முறை காசு கொடுத்தார், அதில் ஒன்று போர்டில் சும்மா உட்கார்ந்திருந்தது.

1992-இல் இன்டெல்லே "ஓவர்டிரைவ்" என்ற பெயரில் மாற்றுப் பிராசசர்களைப் பெட்டியில் போட்டு விற்க ஆரம்பித்தது. 33 மெகாஹெர்ட்ஸில் ஓடும் போர்டில் இதைப் போட்டால் சிப்பின் உள்ளே 66 ஓடும். வெளியே மெமரியோடு பேசும் வேகம் அதே 33தான். வேகம் இரட்டிப்பு என்றாலும் வேலை பாதி நேரத்தில் முடியவில்லை.

இதற்கான காரணத்தை ஜீன் ஆம்டால் என்ற கணினிப் பொறியாளர் 1967-லேயே சொல்லிவிட்டார். ஒரு வேலையின் ஒரு பகுதியை மட்டும் வேகப்படுத்தினால், மிச்சப் பகுதி நம்மைக் கட்டிப் போடும் என்பதுதான் அதன் சாரம். நம் பாணியில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வேலைக்கு 100 வினாடி ஆகிறது. அதில் 60 வினாடி பிராசசரில், 40 வினாடி மெமரிக்கும் டிஸ்க்குக்கும் காத்திருப்பதில் போகிறது. பிராசசரை இரண்டு மடங்கு வேகமாக்கினால் 30 + 40, ஆக 70 வினாடி. இரண்டு மடங்கு காசு கொடுத்தும் 30 வினாடிதான் மிச்சம். உலகத்திலேயே வேகமான பிராசசரைப் போட்டாலும் 40-க்குக் கீழே இறங்காது. இந்தச் சின்னக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

1995-இல் பென்டியம் ஓவர்டிரைவ் வந்தது. பழைய 486 போர்டிலேயே பென்டியம்! 63, 83 மெகாஹெர்ட்ஸ் என்று இரண்டு வகை, தலையில் ஒரு குட்டி ஃபேனோடு. ஆனால் அது வந்து சேர்வதற்குள் அசல் பென்டியம் பொட்டிகளே விலை இறங்கத் தொடங்கிவிட்டன. தாமதமாக வரும் மாற்றுச் சிப்புக்கு எப்போதுமே இந்த ஆபத்து உண்டு.

எல்லோரும் நுழைந்த ஒரே வாசல்

தொண்ணூறுகளின் நடுவில் வந்த சாக்கெட் 7-ஐ என் தலைமுறை மறக்க முடியாது. இன்டெல் பென்டியம், ஏ.எம்.டி. கே6, சைரிக்ஸ் 6எக்ஸ்86 மூன்றுமே ஒரே சாக்கெட்டில் உட்காரும். போர்டில் இருக்கும் குட்டி ஜம்பர்களை இடம் மாற்றி வோல்டேஜையும் வேகத்தையும் சரிசெய்ய வேண்டும், அவ்வளவுதான்.

இந்தியாவில் "அசெம்பிள்டு பொட்டி" என்ற தனி உலகம் வளர்ந்ததும் இதே காலத்தில்தான். டெல்லியில் நேரு பிளேஸ், மும்பையில் லேமிங்டன் ரோடு, பெங்களூரில் எஸ்.பி. ரோடு, சென்னையில் ரிச்சி தெரு. பிராண்டட் கணினி வாங்க வசதியில்லாதவர்கள் இங்கே போய் போர்டு ஒரு கடை, பிராசசர் ஒரு கடை, கேபினட் ஒரு கடை என்று பேரம் பேசி வாங்கிப் பொருத்திக்கொண்டார்கள். இரண்டு வருடம் கழித்துப் பழைய பிராசசரைக் கொடுத்து, மேலே கொஞ்சம் பணம் போட்டு, அடுத்ததை வாங்கி வந்தார்கள். வாசல் பொதுவாக இருந்ததால் இது நடந்தது.

விளையாட்டுகள் இந்த இடத்தில்தான் கதைக்குள் வருகின்றன. 1993 டிசம்பரில் வெளியான டூம், 386-இல் நொண்டியடித்து 486-இல் சரளமாக ஓடியது. 1996-இல் வந்த குவேக் இன்னும் ஒரு படி மேலே போனது. ஜான் கார்மாக், மைக்கேல் அப்ராஷ் இருவரும் பென்டியத்தின் தசமக் கணக்குப் பிரிவை அணு அணுவாகப் புரிந்துகொண்டு அதற்கேற்ப நிரல் எழுதியிருந்தார்கள். விளைவு? ஆபீஸ் வேலைகளில் பென்டியத்துக்குச் சமமாக நின்ற சைரிக்ஸ் சிப், குவேக்கில் மண்ணைக் கவ்வியது. "இந்தப் பிராசசர் வேகமா?" என்று கேட்பது பாதிக் கேள்விதான், "எந்த விளையாட்டுக்கு?" என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று மக்கள் கற்றுக்கொண்ட வருடம் அது. அதே 1996-இல் 3டிஎஃப்எக்ஸ் வூடூ கார்டும் வந்து, படம் வரைகிற வேலையைப் பிராசசரிடமிருந்து பிடுங்க ஆரம்பித்தது.

1997 மே மாதம் இன்டெல் கதவைச் சாத்தியது. பென்டியம் II சாக்கெட்டில் உட்காராது, கேசட் மாதிரி நிமிர்ந்து நிற்கும் "ஸ்லாட் 1"-இல்தான் நிற்கும். அந்த ஸ்லாட் இன்டெல்லின் சொந்தச் சொத்து, மற்றவர்களுக்கு அனுமதியில்லை. ஏ.எம்.டி. பழைய சாக்கெட் 7-ஐயே 100 மெகாஹெர்ட்ஸுக்கு இழுத்து, 1998-இல் கே6-2 கொண்டுவந்து கொஞ்ச காலம் சமாளித்தது.

அந்த மூடிய வாசலிலும் ஒரு ஜன்னல் திறந்திருந்தது. 1998 ஆகஸ்டில் வந்த செலரான் 300ஏ. மலிவு விலைச் சிப். 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸில் 4.5 மடங்கு, அதனால் 300. போர்டில் பஸ்ஸை 100-க்கு மாற்றினால் அதே 4.5 மடங்கில் 450! அன்றைக்கு இன்டெல் விற்ற உச்ச பென்டியம் II-வின் வேகமும் 450தான். பெரும்பாலான 300ஏ சிப்புகள் இந்தச் சித்திரவதையைச் சிரித்துக்கொண்டே தாங்கின. கல்லூரி ஹாஸ்டல்களில் இதைச் செய்தவனுக்கு இருந்த மரியாதையே தனி.

ஒன்பது மாதத்தில் அநாதை

2000 நவம்பரில் பென்டியம் 4 வந்தது, சாக்கெட் 423-இல். கூடவே ராம்பஸ் என்ற விலை உயர்ந்த மெமரி. காசை எண்ணி வைத்து வாங்கியவர்கள், அடுத்தடுத்த பென்டியம் 4-களை இதிலேயே போட்டுக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருப்பார்கள். 2001 ஆகஸ்டில் சாக்கெட் 478 வந்தது. சரியாக ஒன்பது மாதம். புதிய சிப்புகளுக்குப் பழைய போர்டில் இடமில்லை. புதுசாக வரும் சாக்கெட்டை முதல் வரிசையில் நின்று வாங்காதே என்று பெரியவர்கள் சொல்ல ஆரம்பித்தது இதற்குப் பிறகுதான்.

2004-இல் எல்ஜிஏ 775 வந்தது. கால்கள் பிராசசரிலிருந்து போர்டுக்கு இடம் மாறின. இந்தச் சாக்கெட் நீண்ட காலம் உயிரோடு இருந்தது. பென்டியம் 4-இல் ஆரம்பித்து, 2006-இன் கோர் 2 டுவோ, 2007-இன் கோர் 2 குவாட் வரை எல்லாமே 775 தான். ஆனால் 2004-இல் வந்த 915 சிப்செட் போர்டுகளில் பெரும்பாலானவற்றில் கோர் 2 டுவோ வேலை செய்யாது. கச்சிதமாக உட்காரும், உயிர் வராது. மின்சாரம் கொடுக்கும் விதமும் சிப்செட்டும் ஒத்துப்போக வேண்டும் என்பது பலருக்குச் சிப்பை வாங்கி வந்த பிறகுதான் தெரிந்தது.

2017-இல் இன்டெல் இதையே திரும்பச் செய்தது. 6, 7-ஆம் தலைமுறைகள் எல்ஜிஏ 1151. 8, 9-ஆம் தலைமுறைகளும் எல்ஜிஏ 1151. எண்ணிக்கை அதே, ஆனால் 8-ஆம் தலைமுறைக்குப் புதிய 300 வரிசை போர்டு கட்டாயம். சில ஆர்வலர்கள் பயாஸைத் திருத்திப் பழைய போர்டிலேயே ஓட்டிக் காட்டினார்கள். கதவு பூட்டப்பட்டிருந்ததற்கு முழுக் காரணமும் பொறியியல் இல்லை என்று அது காட்டிக் கொடுத்தது.

இதற்கு நடுவே ஒரு நீண்ட தூக்கக் காலமும் இருந்தது. 2007-இன் கோர் 2 குவாட் க்யூ6600-இல் நான்கு கோர். 2017 ஜனவரியில் வந்த ஐ7-7700கே-யிலும் நான்கே கோர். பத்து வருடம்! 2011-இல் ஐ5-2500கே வாங்கியவர்கள் ஆறேழு வருடம் நிம்மதியாகத் தூங்கினார்கள். அந்தக் காலத்தில் "பிராசசர் மாத்தலாமா?" என்று கேட்டால் "கிராபிக்ஸ் கார்டை மாத்து" என்பதே எல்லோருடைய பதிலும். அன்றைக்கு அது சரியான பதில். இன்றும் பலர் அதையே கிளிப்பிள்ளை மாதிரி சொல்வதுதான் பிரச்னை.

ஏ.எம்.4: கூச்சல் போட்டுத் திறந்த கதவு

2017 மார்ச்சில் ஏ.எம்.டி. ரைசன் வந்ததும் தூக்கம் கலைந்தது. சாக்கெட்டின் பெயர் ஏ.எம்.4. அந்த வருட ஏப்ரலில் வந்த ரைசன் 5 1600-இல் 6 கோர், 12 திரெட். நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும் விலை. நம்மில் பலர் வீட்டில் இன்று மூச்சு வாங்கிக்கொண்டிருப்பது இதுவோ இதன் தம்பியோதான்.

2020 மே மாதம் ஒரு கூத்து நடந்தது. அடுத்து வரப்போகும் ஜென் 3 சிப்புகள் 500 வரிசை போர்டுகளில் மட்டுமே ஓடும் என்று ஏ.எம்.டி. அறிவித்தது. பழைய போர்டுகளின் பயாஸ் சிப்பில் எல்லாத் தலைமுறைக்கும் இடம் போதாது என்பது காரணம். பி450 போர்டு வாங்கியவர்கள் உலகம் முழுக்கக் கூச்சல் போட்டார்கள். இரண்டு வாரத்துக்குள் ஏ.எம்.டி. இறங்கி வந்து 400 வரிசைக்கு அனுமதி கொடுத்தது. 2022-இல் அதற்கும் முந்தைய 300 வரிசைக்கும் கொடுத்தது. அதாவது 2017-இல் வாங்கிய போர்டில் 2022-இன் சிப்!

அதே 2022 ஏப்ரலில் ரைசன் 7 5800எக்ஸ்3டி வந்தது. கேஷ் மெமரியை ஒன்றின் மேல் ஒன்றாக மாடி கட்டி 96 மெகாபைட்டாக்கியிருந்தார்கள். அந்த சிப், பழைய டிடிஆர்4 மெமரியை வைத்துக்கொண்டே, பல விளையாட்டுகளில் அன்றைய புத்தம் புது டிடிஆர்5 பொட்டிகளோடு மல்லுக்கு நின்றது. 2022 செப்டம்பரில் ஏ.எம்.5 சாக்கெட் வந்த பிறகும், 2024-இல்கூட ஏ.எம்.4-க்குப் புதிய சிப்புகள் வெளிவந்தன. சாக்கெட் 7-க்குப் பிறகு சாதாரண ஜனங்களுக்கு இவ்வளவு நீளமாகத் திறந்திருந்த வாசல் வேறு இல்லை.

சரி, இப்ப என்ன செய்யறது?

எங்கள் வீட்டுப் பொட்டி 2018-இல் நேரு பிளேஸில் பொறுக்கி எடுத்தது. ரைசன் 5 1600, பி350 போர்டு, 16 ஜி.பி. டிடிஆர்4, ஜிடிஎக்ஸ் 1060. சமீபத்தில் அங்கே ஒரு கடையில் விசாரித்தால், "சார், பூரா நயா லே லோ" என்று மூன்றே வார்த்தையில் தீர்ப்பு. அவர் வியாபாரம் அவருக்கு. நாம் ஆம்டால் கணக்கைப் போட்டுப் பார்ப்போம் என்று வீட்டுக்கு வந்தேன்.

கணக்குப் போடும் முறை சுலபம். திரையில் வினாடிக்கு 60 படம் வர வேண்டுமானால் ஒவ்வொரு படத்துக்கும் சுமார் 16.7 மில்லி வினாடி நேரம் உண்டு. ஆட்டத்தின் கணக்கைப் பிராசசர் போடும், படத்தை கிராபிக்ஸ் கார்டு வரையும். இருவரில் யார் தாமதமோ அவர்தான் வேகத்தைத் தீர்மானிக்கிறார். பிரேம் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, ரெசல்யூஷனை 1080-லிருந்து 720-க்கு இறக்கி அதே காட்சியை ஓட்டிப் பாருங்கள். வரைகிறவருக்கு வேலை பாதிக்கும் கீழே குறைந்துவிட்டது. எண்ணிக்கை எகிறினால் கிராபிக்ஸ் கார்டுதான் தடை. அசையவே இல்லையென்றால் பிராசசர்தான் தடை.

டாஸ்க் மேனேஜரில் "சி.பி.யு. 40 சதவீதம்தான் வேலை செய்யுது" என்று பார்த்து ஏமாற வேண்டாம். 12 திரெட் உள்ள சிப்பில் ஒரே ஒரு திரெட் முழி பிதுங்க ஓடினாலும் அது மொத்தத்தில் 8 சதவீதம்தான். பல விளையாட்டுகள் அந்த ஒரு முக்கியத் திரெட்டைத்தான் நம்பியிருக்கின்றன.

பையன் அதிகம் விளையாடும் கவுன்டர் ஸ்ட்ரைக் 2-இல் எண்ணிக்கை கிட்டத்தட்ட அசையவில்லை. சைபர்பங்க் 2077-இல் நன்றாகவே ஏறியது. ஒரே பொட்டி, இரண்டு விளையாட்டு, இரண்டு பதில். 1996-இல் குவேக் சொன்ன அதே பாடம்தான்.

இன்னொரு சிக்கல் விளையாட்டுக்கு வெளியே இருந்து வந்தது. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. பதிவு செய்துகொண்ட வீட்டு உபயோகிப்பாளர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 அக்டோபர் வரை என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. விண்டோஸ் 11-இன் பட்டியலில் ரைசன் 1000 வரிசை இல்லை. இன்டெல்லில் 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் அனுமதி. பிள்ளை அதே பொட்டியில்தான் ஆன்லைன் வகுப்பும், காலேஜ் விண்ணப்பமும், தங்கமணியின் வங்கி வேலையும். அதனால் இது வெறும் விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை.

முழு செட் மாற்றினால் போர்டு புதிது, டிடிஆர்5 மெமரி புதிது. 2025-இன் கடைசி மாதங்களில் ஏ.ஐ. சர்வர்களுக்கான கிராக்கியால் மெமரி விலை தாறுமாறாக ஏறியது. கையில் இருக்கும் 16 ஜி.பி.யைத் தூக்கிப் போட மனசு வருமா?

ஆகவே எங்கள் வீட்டு முடிவு: ரைசன் 5 5600. அதே 6 கோர், அதே 65 வாட். ஆனால் உச்ச வேகம் 3.6-லிருந்து 4.4 கிகாஹெர்ட்ஸ். பழையதில் 8, 8 என்று பிரிந்து கிடந்த கேஷ், இதில் ஒரே குளமாக 32 மெகாபைட். விண்டோஸ் 11-க்கும் அனுமதி. எக்ஸ்3டி வேண்டும் என்று வாரிசு கேட்டான். 1060 கார்டை வைத்துக்கொண்டு எக்ஸ்3டி போடுவது மாட்டு வண்டிக்கு அலாய் வீல் போடுவது மாதிரி. மிச்சமாகும் பணம் அடுத்த வருட கிராபிக்ஸ் கார்டுக்கு என்று உடன்படிக்கை. இரண்டு கட்சிகளும் கையெழுத்துப் போட்டாயிற்று. :-)

எல்லோருக்கும் இதே பதில் பொருந்தாது. உங்களிடம் இருப்பது இன்டெல் 6 அல்லது 7-ஆம் தலைமுறை என்றால், அந்தப் போர்டில் முறைப்படி போடக்கூடிய உச்சமே நான்கு கோர் ஐ7-7700கே தான். அதுவும் விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை. அதில் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள், சேர்த்து வைத்து மொத்தமாக மாற்றுங்கள். 12-ஆம் தலைமுறை ஐ3 வைத்திருப்பவர்களுக்கு எல்ஜிஏ 1700 கதவு 14-ஆம் தலைமுறை வரை திறந்திருக்கிறது. 13, 14-ஆம் தலைமுறைகளின் பெரிய சிப்புகளில் வோல்டேஜ் கோளாறு இருந்து, 2024 ஆகஸ்டிலிருந்து இன்டெல் திருத்தம் வெளியிட்டது. செகண்ட் ஹேண்டில் வாங்கினால் அதற்கு முன் எப்படி ஓட்டினார்கள் என்று தெரியாது, ஜாக்கிரதை. ரெசல்யூஷன் சோதனையில் கிராபிக்ஸ் கார்டுதான் தடை என்று வந்தால் பிராசசர் பக்கமே போக வேண்டாம்.

மாற்றுவதாக முடிவெடுத்தவர்கள், வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். முதலில் போர்டு கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலுக்கான பிராசசர் பட்டியலைப் பாருங்கள். பிறகு பழைய சிப் இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்யுங்கள். கண்டிப்பாக யு.பி.எஸ். வழியாக. நம் ஏரியா கரண்டை நம்பி நடுவில் நின்றால் போர்டு செத்த மாதிரிதான். பிட்லாக்கர் போட்டிருந்தால் மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சிப் மாறினால் பாதுகாப்புச் சாவியும் மாறிவிடும், விண்டோஸ் அதைக் கேட்கும். கடைசியாக, ஹீட்சிங்க்கை வெடுக்கென்று மேலே இழுக்காதீர்கள். காய்ந்த தெர்மல் பேஸ்ட்டோடு ஒட்டிக்கொண்டு ஏ.எம்.4 சிப் சாக்கெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு வரும், கால்கள் வளையும். பத்து நிமிடம் ஏதாவது ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மெதுவாக இடம் வலமாகத் திருகி எடுங்கள்.

பி.கு.: கழற்றிய 1600-ஐ எறிந்துவிடாதீர்கள். லினக்ஸுக்கு விண்டோஸ் 11 பட்டியல் பற்றியெல்லாம் கவலையில்லை. ஆனால் ஒன்று, 1600-க்குச் சொந்தமாகப் படம் காட்டத் தெரியாது, ஏதாவது ஒரு பழைய கிராபிக்ஸ் கார்டு கூட வேண்டும். ஊரில் அண்ணன் பெண்ணுக்கோ தம்பி பையனுக்கோ ஒரு பழைய ஏ.எம்.4 போர்டு தேடிப் பிடித்துப் பொருத்திக் கொடுத்தால் படிப்புக்குத் தாராளமாகப் போதும். எங்கள் வீட்டு 1600 அடுத்த லீவில் திருச்சிக்கு ரயில் ஏறுகிறது.